டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தங்கிவிடும் ஆதார்

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது. ஆதார் நகலைக் கேட்ட இடத்திலெல்லாம் கொடுக்காதீர்கள், முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதாரைப் பயன்படுத்துங்கள், உரிமம் பெறாத ஓட்டல்களும் திரையரங்குகளும் நகல் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. கூடவே இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். பிரவுசிங் சென்டர் போன்ற பொதுக் கணினியில் மின்–ஆதாரை இறக்குவதைத் தவிருங்கள். இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால், இறக்கிய நகல்கள் எல்லாவற்றையும் அந்தக் கணினியிலிருந்து நிரந்தரமாக அழித்துவிடுங்கள். செய்தி வெளியானதும் நாடு முழுக்கப் பரபரப்பு. மே 29 அன்று, தவறாகப் புரிந்துகொள்ளப்பட வாய்ப்பிருக்கிறது என்று காரணம் சொல்லி அந்தக் குறிப்பைத் திரும்பப் பெற்றார்கள். வழக்கமான முன்ஜாக்கிரதை போதும் என்றார்கள்.

பரபரப்பில் பிரவுசிங் சென்டர் பற்றிய அந்த அறிவுரையும் சேர்ந்து மறைந்துபோனது. என்னைக் கேட்டால், அந்தக் குறிப்பிலேயே நம் ஊர்களுக்கு மிகவும் தேவைப்பட்டது அதுதான்.

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில் இருக்கிறது வேங்கிக்கால். 1989இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. அதன் கலெக்டர் ஆபீஸ் இருப்பது இங்கேதான். திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் செங்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் போளூரிலிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் மனுவோடு வருகிறார்கள். எந்த ஊர் கலெக்டர் ஆபீஸை எடுத்துக்கொண்டாலும் அதைச் சுற்றி ஜெராக்ஸ், டைப்பிங், ‘ஆல் ஆன்லைன் ஒர்க்ஸ்’ என்று பலகை வைத்த கடைகள் முளைத்திருக்கும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, பட்டா சிட்டா, வில்லங்கம், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், ஹால் டிக்கெட், கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்கு ரூம் புக்கிங் வரை எல்லாம் அங்கே நடக்கும். கையில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவரும் அங்கேதான் போகிறார். போட்டோ 20 கேபியிலிருந்து 50 கேபிக்குள், கையெழுத்து 10 கேபியிலிருந்து 20 கேபிக்குள் இருந்தால்தான் தேர்வாணையத்தின் பக்கம் ஏற்றுக்கொள்ளும் என்றால், கைபேசியில் அந்த வேலையைச் செய்ய எத்தனை பேருக்குத் தெரியும்?

இணையத்தில் நம் அந்தரங்கத்தைக் காப்பது பற்றி வரும் அறிவுரைகள் பெரும்பாலும் சொந்த மடிக்கணினி, சொந்த அறை, சொந்த வைஃபை உள்ளவருக்காக எழுதப்பட்டவை. விபிஎன் போடுங்கள், பாஸ்வேர்டு மேலாளர் வையுங்கள், குக்கியை மறுத்துவிடுங்கள் என்பார்கள். அடுத்தவர் நாற்காலியில், அடுத்தவர் கணினியில், பல நேரம் அடுத்தவர் விரல்களாலேயே இணையத்தைப் பயன்படுத்துகிறவருக்கு இவற்றில் பாதி பொருந்தாது. அவரைப் பார்க்கும் முதல் கண் கலிபோர்னியாவில் இல்லை. பக்கத்து நாற்காலியில் இருக்கிறது. பாதுகாப்பை அங்கிருந்து தொடங்கி யோசிக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் அந்த மின்–ஆதார் கோப்பையே எடுத்துக்கொள்வோம். அதைத் திறக்க எட்டு எழுத்துக் கடவுச்சொல் உண்டு. பெயரின் முதல் நான்கு எழுத்துகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதையடுத்துப் பிறந்த ஆண்டு. பெயர் இனிஷியலோடு தொடங்கினால் புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் வரும். ஆணையமே காட்டும் உதாரணம்: பி.குமார், 1990இல் பிறந்தவர் என்றால் பி, புள்ளி, கே, யு, அதன்பின் 1990. எட்டு எழுத்து என்றதும் பலமாகத்தான் தோன்றுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு ஆங்கில எழுத்துகளை 4,56,976 விதமாக வரிசைப்படுத்தலாம். பிறந்த ஆண்டுக்கு நூறு வாய்ப்பு என்று வைத்தால் மொத்தம் சுமார் 4.57 கோடி. ஒரு நிரல் நொடிக்கு ஆயிரம் முறை முயன்றால் 13 மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடும். விசைப்பலகையில் உள்ள 94 குறிகளிலிருந்தும் கண்டபடி எடுத்த எட்டு எழுத்து என்றால் வாய்ப்புகள் 61 கோடி கோடி. அதே வேகத்தில் 1 லட்சத்து 93 ஆயிரம் ஆண்டு ஆகும். இரண்டுமே எட்டு எழுத்துதான். நீளம் மட்டும் ஒன்றாக இருந்து பயனில்லை; எழுத்துகள் ஊகிக்க முடியாதவையாக இருக்க வேண்டும்.

கடையில் நிலைமை இன்னும் மோசம். அந்தக் கோப்பு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தனியாகக் கிடப்பதில்லை. பக்கத்திலேயே அதே ஆளின் மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று, பாஸ்போர்ட் அளவு போட்டோ எல்லாம் கிடக்கும். பெயர் அவற்றில் இருக்கிறது, பெரும்பாலும் பிறந்த தேதியும். அப்போது ஊகிக்கவே ஒன்றும் மிச்சமில்லை. பெயர் மட்டும் தெரிந்தாலே நூறு தடவைக்குள் திறந்துவிடும். வங்கிப் பக்கத்தில் தவறான கடவுச்சொல்லைச் சில முறை போட்டால் கணக்கு முடங்கும். தடவைகளை எண்ண மறுமுனையில் ஒரு சர்வர் இருக்கிறது. வட்டில் கிடக்கும் கோப்புக்கு அப்படி எண்ணுகிறவர் எவரும் கிடையாது. எத்தனை முறை முயன்றாலும் கோப்பின் சொந்தக்காரருக்குத் தெரியவே தெரியாது.

அழித்துவிட்டால்? டெலிட் பொத்தானை அழுத்தினால் கோப்பு ரீசைக்கிள் பின்னுக்குப் போகிறது. யார் வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு டெலிட் அழுத்தினால் பின்னுக்குப் போகாது. ஆனால் பழைய ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் அப்போதும் அழிவது கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டுமே. உள்ளடக்கம் அதே இடத்தில், வேறு கோப்பு மேலே எழுதப்படும் வரை கிடக்கும். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளே அதை மீட்டுத் தரும். புதிய எஸ்எஸ்டி வட்டுகளில் நிலைமை சற்று மேல். அழித்த இடத்தை அவை உள்ளுக்குள் தாமாகவே துடைத்துக்கொள்கின்றன. ‘நிரந்தரமாக அழியுங்கள்’ என்று அந்தக் குறிப்பு சொன்னதைப் பெண்ணுக்கு உதவித்தொகை விண்ணப்பிக்க வந்த ஒரு தாய் எப்படிச் செய்வார்? ஆகவே ஷிஃப்ட் டெலிட் அவசியம், ஆனால் அதைவிட அவசியம் முழு ஆதாரை அங்கே இறக்காமல் இருப்பது. ஆணையத்தின் பக்கத்திலேயே கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரைத் தேர்ந்தெடுத்து இறக்கலாம். கிரிவலத்துக்கு வந்து அறை எடுப்பவர் லாட்ஜில் கொடுக்கவும் அது போதும்.

கோப்பு கணினிக்கு வரும் வழி இன்னொன்று இருக்கிறது. “இந்த நம்பருக்கு வாட்ஸாப் பண்ணிடுங்க, பிரிண்ட் எடுத்துத் தர்றேன்” என்கிறார் கடைக்காரர். அந்த ஒரு நொடியில் உங்கள் ஆவணத்துக்குப் பல பிரதிகள் முளைக்கின்றன: கடையின் கைபேசியில் ஒன்று, கடைக் கணினியின் வாட்ஸாப் வெப்பில் ஒன்று, அச்சிடுவதற்காக டவுன்லோட்ஸில் இறக்கியது ஒன்று, கடைக்காரர் தன் அரட்டைகளை மேகத்தில் சேமித்துவைக்கும் பழக்கமுள்ளவர் என்றால் அங்கே ஒன்று. வாட்ஸாப் செய்திகள் இரு முனைகளுக்கும் நடுவே மறையாக்கம் செய்யப்பட்டவை என்பது உண்மை. வழியில் எவரும் படிக்க முடியாது. ஆனால் இங்கே மறுமுனையே கடைதான். அந்தக் கைபேசி தொலைந்தால், பழுதுபார்க்கப் போனால், விற்கப்பட்டால், வட்டாரத்தில் பாதிப் பேரின் ஆவணம் அதோடு போகும். அச்சு கைக்கு வந்ததும் ‘அனைவருக்கும் நீக்கு’ கொடுத்துவிடுவது நல்லது. அரட்டையில் உள்ள பிரதியாவது போகும். டவுன்லோட்ஸில் உள்ளதைக் கடைக்காரரிடம் சொல்லித்தான் அழிக்க வேண்டும். கேட்பதில் தவறே இல்லை.

கடைக்காரரைக் குற்றவாளியாக்க நான் வரவில்லை. அரசுப் பக்கங்களின் புரியாத படிவங்களுக்கும் மக்களுக்கும் நடுவே பாலமாக நிற்பவர் அவர். வெயிலில் வந்த கிழவிக்கு உட்கார நாற்காலி போட்டு, அவருடைய முதியோர் உதவித்தொகை மனுவைத் தட்டச்சு செய்பவர். அவருக்குக் கெட்ட எண்ணம் துளியும் இல்லாவிட்டாலும் அவர் கணினியில் ஒரு வைரஸ் இருக்கலாம். பென் டிரைவை மாற்றி மாற்றிச் செருகும் கடைகளில் ‘ஷார்ட்கட் வைரஸ்’ பார்க்காதவர் யார்?

இந்தக் கடைகளுக்கென்று சட்டம் இல்லாமலும் இல்லை. 2011 ஏப்ரலில் மத்திய அரசு சைபர் கஃபே விதிகளை அறிவித்தது. வருகிறவரின் அடையாளச் சான்றைப் பார்க்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும், எந்தெந்தத் தளங்கள் பார்க்கப்பட்டன என்ற வரலாற்றைக் குறைந்தது ஓராண்டு காக்க வேண்டும். தடுப்பு வைத்தால் தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. தடுப்பு இல்லாத கணினிகளின் திரைகள் எல்லாரும் நடமாடும் பொது இடத்தைப் பார்த்து இருக்க வேண்டும். குற்றம் நடக்காமல் தடுக்கும் நோக்கம் புரிகிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். வங்கிக் கணக்கைத் திறப்பவரின் திரை சட்டப்படியே பொது இடத்தைப் பார்க்கிறது. வாடிக்கையாளர் விட்டுச்சென்ற கோப்புகளை நாள் முடிவில் அழிக்க வேண்டும் என்ற வரி மட்டும் அந்த விதிகளில் இல்லை. நீங்கள் பார்த்ததை ஓராண்டு வைத்திருக்கச் சொல்லும் விதி, நீங்கள் விட்டுப்போனதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

திரைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முகவரிப் பட்டையில் ஹெச்டிடிபிஎஸ் என்று இருந்தால் பிரவுசரும் மறுமுனை சர்வரும் பேசத் தொடங்கும் முன்பே தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்கின்றன. நடுவில் இருப்பவர் முழு உரையாடலையும் ஒட்டுக்கேட்டாலும் அந்தச் சாவியைக் கண்டுபிடிக்க முடியாதபடி செய்யும் கணிதத்தை டிஃபியும் ஹெல்மனும் 1976இல் வெளியிட்டார்கள். இன்று வங்கியிலிருந்து வாட்ஸாப் வரை எல்லாம் அந்தக் கருத்தின் வாரிசுகள்தாம். இதனால் கடையின் ரௌட்டரும் இணைய இணைப்பு தரும் நிறுவனமும் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதைப் பெரும்பாலும் பார்க்கலாம். அந்தத் தளத்தில் எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள், என்ன தட்டச்சு செய்தீர்கள் என்பதைப் பார்க்க முடியாது. ஒரு மருத்துவமனையின் தளத்துக்குப் போனது தெரியும், எந்த நோய்க்காக என்பது தெரியாது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு தொடங்குவது பிரவுசரில். விரலுக்கும் பிரவுசருக்கும் இடையே எந்தப் பூட்டும் இல்லை. அந்தக் கணினியில் விசை ஒவ்வொன்றையும் பதிவுசெய்யும் கீலாக்கர் இருந்தால், மறையாக்கம் ஆவதற்கு முன்பே கடவுச்சொல் அதன் கையில். கணினி யாருடையதோ அவர் நினைத்தால் பாதுகாப்பைக் காட்டும் பூட்டுக் குறியையே பொய் சொல்ல வைக்கலாம். லெனோவோ நிறுவனம் விற்ற சில மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் முன்கூட்டியே நிறுவப்பட்டிருந்தது 2015இல் அம்பலமானது. அது தன் சொந்தச் சான்றிதழைக் கணினிக்குள் வைத்து, பாதுகாப்பான தளங்களின் உரையாடலுக்கு நடுவிலும் புகுந்தது. பிரவுசர் வழக்கம்போலப் பூட்டுக் குறியைக் காட்டிக்கொண்டே இருந்தது. அடுத்தவர் கணினியில் வங்கி வேலை வேண்டாம் என்று சொல்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. வங்கிக்கு உங்கள் சொந்தக் கைபேசி, அது எவ்வளவு மலிவான கைபேசியானாலும் சரி.

அடுத்தது குக்கி. ஹெச்டிடிபி என்ற நெறிமுறைக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு முறை பக்கத்தைக் கேட்கும்போதும் நீங்கள் அதற்குப் புது ஆள். இந்தக் குறையைப் போக்க 1994இல் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மான்டுல்லி குக்கியை உருவாக்கினார். உள்ளே நுழைந்ததும் சர்வர் ஓர் எண்ணைக் கொடுக்கும். பிரவுசர் ஒவ்வொரு தடவையும் அதைத் திருப்பிக் காட்டும். கோயில் வாசலில் செருப்பு விட்டுவிட்டு வாங்கும் டோக்கனைப் போல. டோக்கனை நீட்டுகிறவரிடம் செருப்பைக் கொடுத்துவிடுவார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள். 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற நிரலாளர் ஃபயர்ஷீப் என்றொரு நீட்சியை வெளியிட்டு இதை உலகுக்கே காட்டினார். ஒரே பொது வைஃபையில் இருப்பவர்களின் குக்கிகளைப் பொறுக்கி, கடவுச்சொல் எதுவும் தெரியாமலேயே அவர்கள் கணக்குக்குள் ஒரே சொடுக்கில் நுழைய முடிந்தது. பெரிய தளங்கள் முழுவதும் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற அதுவும் ஒரு காரணம்.

பிரவுசிங் சென்டரில் குக்கியைக் காற்றில் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. அது அந்தக் கணினியிலேயே இருக்கிறது. விண்டோவை மூடிவிட்டு எழுந்துபோனால் உங்கள் மின்னஞ்சலின் குக்கி அப்படியே செல்லுபடியாகும். ‘வெளியேறு’ என்பதைச் சொடுக்கினால்தான் சர்வர் அந்த எண்ணை ரத்துசெய்யும். மறந்துபோய் வீட்டுக்கு வந்துவிட்டால் கைபேசியில் உங்கள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியைத் திறந்து, நுழைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலில் அந்தக் கணினியை வெளியேற்றலாம். வாட்ஸாப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்திலும் இப்படிச் செய்யலாம்.

பிரவுசரின் இன்காக்னிட்டோ முறை பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டதும் எவர் கண்ணுக்கும் தெரியாமல் உலவலாம் என்ற நினைப்பு வருகிறது. அப்படி இல்லை. அந்த முறையில் உலவியவர்களின் தரவையும் கூகுள் திரட்டியது என்று அமெரிக்காவில் 2020இல் தொடுத்த வழக்கில், பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்க 2024இல் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. தொலைவில் இருப்பவரிடமிருந்து அது உங்களை மறைக்காது. ஆனால் அடுத்து வந்து உட்காருபவரிடமிருந்து மறைக்கும். அதற்காகவே செய்யப்பட்டது அது. விண்டோவை மூடியதும் வரலாறும் குக்கியும் படிவத்தில் நிரப்பியவையும் போய்விடும். வீட்டில் அதிகம் பயன்படாத இந்த வசதிக்குச் சரியான இடம் பிரவுசிங் சென்டர்தான். குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இன்காக்னிட்டோவில் இறக்கிய கோப்பும் டவுன்லோட்ஸில் தங்கத்தான் செய்யும்.

தொலைவில் இருந்து பார்க்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பர நிறுவனங்கள் குக்கி இல்லாமலும் ஆளை அடையாளம் காண ‘பிரவுசர் கைரேகை’ என்ற முறையைக் கையாள்கின்றன. திரையின் அளவு, பிரவுசரின் பதிப்பு, நேர மண்டலம், நிறுவியிருக்கும் எழுத்துருக்கள் என்று சிறுசிறு விவரங்களைச் சேர்த்தால் அந்தச் சேர்க்கை பெரும்பாலும் ஒரே ஒரு கணினிக்கு மட்டும் பொருந்தும். 2010இல் பீட்டர் எக்கர்ஸ்லி நடத்திய ஆய்வில், சோதனைக்கு வந்த பிரவுசர்களில் 83.6 சதவீதம் தனித்துத் தெரிந்தன. நம் டைப்பிங் கடைக் கணினியில் பாமினியும் வானவில்லும் இன்னும் பத்து வகைத் தமிழ் எழுத்துருவும் இருக்கும். உலகக் கணக்கில் பார்த்தால் அப்படிப்பட்ட கணினி மிக அரிது, எளிதில் தனித்துத் தெரியும். ஆனால் அதில் ஒரு நாளைக்கு நாற்பது பேர் உட்காருகிறார்கள் என்றால், விளம்பரக்காரருக்குக் கிடைப்பது நாற்பது பேரைக் கலந்த ஓர் உருவம். பொதுக் கணினி உங்களைத் தூரத்தில் இருப்பவரிடமிருந்து ஓரளவு மறைக்கிறது, பக்கத்தில் இருப்பவரிடம் முழுக்கக் காட்டிவிடுகிறது. சொந்தக் கைபேசியில் இது அப்படியே தலைகீழ்.

விபிஎன்னை எல்லாரும் மந்திரம்போலச் சொல்கிறார்கள். இணைய இணைப்பு தருபவரிடம் இருந்த நம்பிக்கையை விபிஎன் நிறுவனத்திடம் மாற்றித் தருகிறது, அவ்வளவே. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்–இன், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு காக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க், நார்டு போன்றவை இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை அகற்றிவிட்டன. பெயர் தெரியாத இலவச விபிஎன் செயலியைக் கைபேசியில் போட்டுக்கொள்வது, போட்டுக்கொள்ளாமல் இருப்பதைவிட ஆபத்தானது.

கோயில் ஊர்களுக்கென்றே ஒரு மோசடி இருக்கிறது. 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் யாத்ரீகர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது: கேதார்நாத் ஹெலிகாப்டர், சார்தாம் தங்கும் விடுதி, புனிதத் தலங்களில் அறை என்று போலித் தளங்கள் உருவாக்கி, தேடல் முடிவுகளில் காசு கொடுத்து விளம்பரம் போட்டுப் பணம் பறிக்கிறார்கள். திருப்பதி தேவஸ்தானம் போலித் தளங்களோடு பல ஆண்டாகப் போராடுகிறது. தன் தளத்தின் முகவரியையே 2024 ஜனவரியில் ‘டிடிதேவஸ்தானம்ஸ், ஏபி, கவ், இன்’ என்று மாற்றி அமைத்தது. பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் லட்சக்கணக்கில் ஆள் வரும் திருவண்ணாமலையில் அறைக்கும் தரிசனச் சீட்டுக்கும் இதே வலையை விரிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இதற்குப் பூட்டுக் குறி உதவாது. 2015க்குப் பிறகு ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குத் தேவையான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. திருடனுடைய தளத்துக்கும் பூட்டு உண்டு. அவனோடு நீங்கள் பேசுவதை வேறு எவரும் கேட்க முடியாது என்பதே அதன் பொருள். கூகுள் நடத்திய ஆய்வில் பூட்டுக்குச் சரியான பொருள் சொன்னவர்கள் 11 சதவீதம் பேர்தான். 2023 செப்டம்பரில் குரோம் அந்தக் குறியையே எடுத்துவிட்டு வேறு குறி வைத்தது.

பார்க்க வேண்டியது முகவரி. அதை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். ஹெச்டிடிபிஎஸ்ஸையும் அதையடுத்த இரட்டைச் சாய்கோட்டையும் விட்டுவிட்டு, பிறகு வரும் முதல் சாய்கோடு வரை போய் நின்று, அங்கிருந்து இடப்பக்கம் நோக்கி வாருங்கள். அறநிலையத் துறையின் முகவரி ‘ஹெச்ஆர்சிஇ, டிஎன், கவ், இன்’ என்று முடியும். ‘கவ், இன்’ என்ற கடைசி இரண்டு துண்டுகளைத் தேசியத் தகவல் மையம் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தருகிறது. இதே எழுத்துகளைக் கோடு போட்டு இணைத்து, கடைசியில் ‘காம்’ என்றோ ‘ஷாப்’ என்றோ முடித்தால் அது யாரும் சில நூறு ரூபாய்க்கு வாங்கக்கூடிய பெயர். இடப்பக்கம் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், அண்ணாமலையார் பெயரையும் கூட. வங்கிகளுக்கு இப்போது இன்னும் எளிது. ‘பேங்க், இன்’ என்று முடியும் முகவரியை 2025 பிப்ரவரியில் அறிவித்த ரிசர்வ் வங்கி, அந்த ஆண்டு அக்டோபர் 31க்குள் வங்கிகள் எல்லாம் அதற்கு மாற வேண்டும் என்று கெடு விதித்தது. இது ஊருக்கெல்லாம் தெரிய வேண்டிய செய்தி. வங்கிக் கிளைச் சுவர்களில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்.

தமிழிலும் இனி கவனம் வேண்டும். ‘.இந்தியா’ என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகள் இருக்கின்றன. எ என்ற எழுத்தையும் ௭ என்ற தமிழ் ஏழையும் பாருங்கள். அ என்ற எழுத்தையும் ௮ என்ற எட்டையும் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றுபோல, கணினிக்கு வெவ்வேறு. ஆங்கில எழுத்துகளுக்குப் பதில் ரஷ்ய எழுத்துகளைப் போட்டு ஆப்பிளின் முகவரியைப்போலவே ஒன்றை 2017இல் ஓர் ஆய்வாளர் பதிவுசெய்து காட்டியபோது சில பிரவுசர்களே ஏமாந்தன.

ஓடிபி விஷயத்தில் நம் பழக்கம் எனக்குக் கவலை தருகிறது. “ஓடிபி வந்திருக்கும் பாருங்கம்மா, சொல்லுங்க” என்று கேட்டதும் கைபேசியை அப்படியே நீட்டிவிடுகிறோம். அந்த ஆறு எண்கள்தான் ‘இதைச் செய்வது நானே’ என்று நாம் போடும் கையெழுத்து. குறுஞ்செய்தியில் எண்ணோடு அது எதற்காக என்பதும் எழுதியிருக்கும். படித்துப் பார்த்துவிட்டு, கேட்ட வேலைக்குத்தான் வந்திருக்கிறதா என்று தெரிந்துகொண்டு, எண்ணை மட்டும் வாயால் சொல்வது போதும். படிக்கத் தெரியாதவரோடு பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளை கூட வந்தால் நல்லது. டிஎன்பிஎஸ்சி நிரந்தரப் பதிவுக்கான கடவுச்சொல்லைக் கடைக்காரரே உருவாக்கி, அவருடைய நோட்டில் எழுதி, விண்ணப்பதாரருக்கு ஒரு துண்டுச் சீட்டில் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் நேரும் தவறுகளுக்குத் தான் பொறுப்பாகாது என்று தேர்வாணையம் அறிவிக்கைகளிலேயே எழுதிவிடுகிறது. பொறுப்பு முழுக்க அந்தப் பிள்ளையின் தலையில். வீட்டுக்குப் போன அன்றே கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும். பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும்; பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும்.

இவ்வளவையும் தனிமனிதர் தலையில் கட்டுவது நியாயமா என்றால், இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதன் தொடர்ச்சியாக 2023இல் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உங்கள் தரவை எதற்காக வாங்குகிறோம் என்ற அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்கிறது அது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து பதினெட்டு மாதம். இதற்கிடையே 2021இல் தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தைச் சேர்ந்த ஏறக்குறைய 49 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் கிடந்ததாக ஒரு பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. வெளியே போன தரவை எந்தச் சட்டமும் திரும்ப உள்ளே கொண்டுவர முடியாது. அதனால்தான் வெளியே போகாமல் தடுக்கும் எளிய ஏற்பாடுகளைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்படி ஓர் ஏற்பாடு கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள்கள் கணினியின் வட்டை ஒரு நிலையில் உறைய வைத்துவிடும். அதன்பின் அதில் இறக்கிய கோப்பு, தங்கிய குக்கி, புகுந்த வைரஸ் எதுவாயினும், கணினியை ரீஸ்டார்ட் செய்ததும் மறைந்து பழைய நிலைக்கே வந்துவிடும். பள்ளி ஆய்வகங்களிலும் இணையக் கடைகளிலும் வைரஸ் தொல்லைக்காக இதைப் பல ஆண்டுகளாகவே பயன்படுத்துகிறார்கள். கடைக்காரரின் சொந்தக் கணக்கு வழக்குக்கு ஒரு கணினியைத் தனியே வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் உட்காரும் கணினிகளில் மட்டும் இதைப் போட்டு, ஓர் ஆள் எழுந்ததும் ஒரு ரீஸ்டார்ட் என்று வழக்கப்படுத்தினால் போதும். 2011 விதிகளில் நாலரை அடித் தடுப்பைப் பற்றிய வரிக்குக் கீழே இதற்கும் ஒரு வரி சேர்க்கலாம். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. இசேவை மையங்களிலும் கலெக்டர் அலுவலகத்தைச் சுற்றியுள்ள கடைகளிலும் இதைச் செய்யச் சொல்லி மாவட்ட நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம், எப்படிப் போடுவது என்று ஒரு நாள் வகுப்பும் நடத்தலாம்.